கேபினெட்டுக்கும் ஒரு ஜன்னல் வேண்டும்!

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவன், ராஜா அண்ணாமலைபுரம்)

வெயில் காலம் வந்தால் வீட்டு ஜன்னலைத் திறந்து வைக்கிறோம். பாவம், கம்ப்யூட்டர் கேபினெட்டை யார் நினைக்கிறார்கள்? 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவான ஊர் நம் சென்னை. அந்த வெயிலில் புராஜெக்ட் பாதியில் இருக்கும்போது கம்ப்யூட்டர் தானாக அணைந்து போனால் எப்படி இருக்கும்?

எங்கள் வீட்டில் டிப்ளமா வரை வந்த முதல் ஆள் நான். செகண்ட் ஹேண்ட் கம்ப்யூட்டர்தான் வீட்டிலேயே விலை கூடின பொருள். "அதுல ஓட்டை போடப் போறியாடா?" என்று அம்மா பதறினார்கள். நம்மில் பலர் வீட்டில் இதே நிலைதான். கெட்டால் இன்னொன்று வாங்க முடியாது. ஆகவே கணக்கு பார்த்துத்தான் கை வைக்கணும்.

ஏன் துளை?

கம்ப்யூட்டர் 150 வாட் மின்சாரம் இழுத்தால், அத்தனையும் கடைசியில் வெப்பமாகிறது. பெட்டிக்குள் சூடு அறையைவிட 10 டிகிரிக்கு மேல் ஏறாமல் இருக்க, நொடிக்கு சுமார் 12 லிட்டர் காற்று ஓட வேண்டும். பழைய கேபினெட்டில் இருப்பதோ பொடிப்பொடி துளைகள். 3 மி.மீ. துளைகளை 5 மி.மீ.க்கு ஒன்றாக நெருக்கி அடித்திருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு இடம்தான் திறப்பு. மீதி தகடு காற்றை மறிக்கிறது.

அளவுகள்

ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைக்கும் 120 மி.மீ. ஃபேனுக்கு 114 மி.மீ. விட்டத்தில் துளை போதும். திருகு துளைகளின் இடைவெளி 105 மி.மீ. சின்ன 80 மி.மீ. ஃபேனுக்கு 76 மி.மீ. துளை, திருகு இடைவெளி 71.5 மி.மீ.

செய்முறை

1. பிளக்கைப் பிடுங்கி, உள்ளே உள்ள அத்தனையும் கழற்றி வெறும் பெட்டியாக்குங்கள். மதர்போர்டில் ஒரு இரும்புச் சுருள் விழுந்தாலும் ஷார்ட் ஆகும். எஸ்.எம்.பி.எஸ்.ஐ மட்டும் பிரிக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதன் கெபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.

2. ஃபிட்டிங் ஷாப்பில் படித்ததுபோல டிவைடரால் வட்டம் போட்டு, சென்டர் பஞ்ச் அடியுங்கள். பஞ்ச் இல்லாமல் டிரில் வைத்தால் வழுக்கி ஓடும்.

3. தகட்டுக்கு அடியில் பிளைவுட் வைத்து கிளாம்ப் போடுங்கள். தகடு ஒரு மி.மீ.கூட இருக்காது. டிரில் பிட் துளைத்து வெளியே வரும் நொடியில் தகட்டைக் கவ்விச் சுழற்றும். கையால் பிடித்திருந்தால் விரல் போகும். கண்ணாடி கட்டாயம். கையுறை வேண்டாம், பிட்டில் மாட்டிக்கொள்ளும்.

4. ஹோல் சா கிடைத்தால் மெதுவான வேகத்தில், ஒரு சொட்டு எண்ணெய் விட்டு வெட்டலாம். கிடைக்கலையா? 114 வட்டத்துக்குள் 108 மி.மீ. வட்டம் போட்டு, அதன் மேல் 6 மி.மீ.க்கு ஒன்றாக 5 மி.மீ. துளைகள் போடுங்கள். சுமார் 56 துளை வரும். இடையில் உள்ளதை உளியால் வெட்டி, அரைவட்ட அரத்தால் ராவினால் முடிந்தது. பொறுமை வேணும், செலவு இல்லை!

5. பிளாஸ்டிக் பையில் சுற்றிய காந்தத்தைப் பெட்டி முழுக்கத் தடவுங்கள். பையை உரித்தால் தூள் அதோடு போய்விடும்.

கடற்காற்றும் எர்த்தும்

தகட்டின் மேலுள்ள துத்தநாகப் பூச்சு வெட்டிய ஓரத்தில் இருக்காது. கடற்கரை பக்கம் என்பதால் நம்ம பேட்டையில் துரு சீக்கிரம் பிடிக்கும். பிசிறு நீக்கி ரெட் ஆக்சைடு பிரைமர் அடியுங்கள். ஆனால் எஸ்.எம்.பி.எஸ். திருகுகிற இடத்தில் பெயின்ட் படக் கூடாது. பெட்டிக்கு எர்த் போவதே அந்த வழியாகத்தான். சுவர் பிளக்கில் எர்த் இல்லாவிட்டால் கேபினெட்டைத் தொட்டாலே சுர்ரென்று ஷாக் அடிக்கும். அதை முதலில் எலக்ட்ரீஷியனிடம் சொல்லிச் சரி செய்யுங்கள்.

ஃபேன் மாட்டும்போது முன்பக்கம் கீழே காற்று உள்ளே, பின்பக்கம் மேலே வெளியே. சூடான காற்று மேலேதானே போகும்? விரல் படாமல் கம்பி வலை போடுங்கள். ஓட விட்டபின் ஓர் ஊதுபத்தியைப் பக்கத்தில் காட்டினால், புகை போகும் திசையே சரியா தப்பா என்று சொல்லிவிடும்.

புது கேபினெட் வாங்கக் காசு இல்லையே என்று சோர வேண்டாம் தோழர்களே. முதலாமாண்டில் ராவிப் பழகிய அரமும் கொஞ்சம் கணக்கும் போதும்!