பலர் கூடித் திறந்த பூட்டு

7-ஐ 13-ஆல் பெருக்கினால் 91 என்று நம் பிள்ளைகள் உடனே சொல்லிவிடுவார்கள். 91-இன் காரணிகள் யாவை என்று கேட்டாலோ சற்றுத் திகைப்பார்கள். பெருக்குவது எளிது, பிரிப்பது கடினம். எண் நீள நீள அக்கடினமும் வளரும்.

இக்கடினத்தையே பூட்டாக்கி இரகசியங்களைக் காக்கும் முறையை 1977-இல் அமெரிக்காவில் ரிவெஸ்ட், ஷமீர், ஏடெல்மன் ஆகிய மூவர் வகுத்தனர். 129 இலக்க எண்ணால் பூட்டிய செய்தி ஒன்றை வெளியிட்டு, திறப்பவருக்கு 100 டாலர் பரிசும் அறிவித்தனர். திறக்கக் கோடானுகோடி ஆண்டுகள் ஆகும் என்றே கருதப்பட்டது.

ஆனால் 17 ஆண்டுகளில் அது திறந்துவிட்டது! ஏறக்குறைய 600 தொண்டர்கள் தங்கள் கணினிகள் ஓய்ந்திருக்கும் நேரத்தை இதற்கு வழங்கினர். தோட்டத்தில் ஆளுக்கொரு நிரை பிடித்துப் பால் வெட்டி, ஓரிடத்தில் சேர்க்கிறோம் அல்லவா? அதுபோலவே ஒவ்வொரு கணினியும் தன் பங்கைக் கணக்கிட்டது. விடைகள் மின்னஞ்சல் வழி ஓரிடம் சேர்ந்தன. 8 மாத உழைப்பில், 1994 ஏப்ரலில், 64 இலக்கமும் 65 இலக்கமும் கொண்ட இரு காரணிகள் கிடைத்தன.

இதனால் நமக்கென்ன? இணையவழிச் செல்லும் நம் வங்கிக் கணக்கைக் காக்கும் பூட்டுகளில் இதுவும் ஒன்று. எத்தனை இலக்கம் போதாது என்பதை இத்தகைய கூட்டு முயற்சிகளே காட்டின. ஆகவே இன்று 600 இலக்கங்களைத் தாண்டிய எண்கள் வழங்குகின்றன.

இன்றும் வீட்டுக் கணினியை இப்பணிக்குத் தரலாம். ஆனால் ஓயாது உழைக்கும் கணினி மின்கட்டணத்தைக் கூட்டும். பெற்றோரைக் கேட்டே பிள்ளைகள் இதில் இறங்கவேண்டும்.

காரணி படித்து என்ன பயன் என்று பிள்ளை கேட்டால், இக்கதையைச் சொல்வோம்.