நிலக்கோட்டையில் இருந்தபடியே ஜெர்மனியில் வங்கிக் கணக்கு

சென்ற ஆண்டு வைகாசியில் இரண்டு நாள் லீவில் நிலக்கோட்டைக்குப் போயிருந்தேன். சித்தப்பா வீட்டில் புது கம்ப்யூட்டர் வாங்கி ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. கீபோர்டு மீது போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் கழற்றவில்லை. சித்தப்பாவுக்கு பூ மார்க்கெட்டில் கமிஷன் கடை. மகளுக்கு ஜெர்மனியில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்திருந்தது. விசாவுக்கு முன்னால் ஜெர்மனியில் அவள் பெயரில் ஒரு கணக்கு தொடங்கி, அதில் ஏறக்குறைய 12 லட்சம் ரூபாய் போட வேண்டும் என்றார்கள்.

"ஏப்பா, ஆள் இங்க இருக்கு, கணக்கு அங்கயா? இந்தப் பெட்டியிலேயே முடிஞ்சிருமா?" என்றார் சித்தப்பா. பணம் நிலத்தை அடகு வைத்துப் புரட்டியது. அவர் கேட்டதில் தப்பே இல்லை.

முடியும். ஆனால் எங்கெல்லாம் தவறு நடக்கும் என்பதைத் தெரிந்துகொண்டு உட்கார வேண்டும். ஐரோப்பிய வங்கிகள் பொதுவாக அந்த நாட்டில் குடியில்லாதவருக்குச் சாதாரணக் கணக்கு தரத் தயங்குகின்றன. ஜெர்மனிக்குப் படிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் 'ஷ்பெர்கோன்டோ' என்ற தனி வழி இருக்கிறது. தமிழில் முடக்கப்பட்ட கணக்கு எனலாம். மாணவர் தன் செலவைத் தானே பார்த்துக்கொள்வார் என்பதற்கு இது ஆதாரம். மொத்தப் பணத்தையும் முன்பே போட்டுவிட வேண்டும். ஆனால் ஜெர்மனியில் இறங்கிய பிறகு மாதத்துக்கு ஒரு பங்குதான் வெளியே வரும். 2024 செப்டம்பர் 1 முதல் இந்தத் தொகை மாதம் 992 யூரோ, ஆண்டுக்கு 11,904 யூரோ. அதற்கு முன் 11,208 யூரோவாக இருந்தது. இது அவ்வப்போது உயரும் என்பதால், விண்ணப்பிக்கும் அன்று ஜெர்மன் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

பழைய குறிப்புகளை நம்பி ஏமாற வேண்டாம். முன்பெல்லாம் டாய்ச் பேங்க் படிவத்தை பிரிண்ட் எடுத்து, கையெழுத்துக்கு ஜெர்மன் துணைத் தூதரகத்தில் சான்று வாங்கி, தபாலில் அனுப்புவார்கள். அந்த வங்கி 2022-இல் இந்தச் சேவையை நிறுத்திவிட்டது. ஆனால் கூகுளில் தேடினால் அந்தப் படிவம் இன்றும் வந்து நிற்கும். இப்போது ஃபின்டிபா, எக்ஸ்பாட்ரியோ போன்ற நிறுவனங்கள் மூலம் முழுக்க ஆன்லைனில்தான் திறக்கிறார்கள்.

படிவம் நிரப்பும் முன்

தேடல் முடிவில் முதலில் தெரிவது பல சமயம் விளம்பரம். அதே பெயர், அதே நிறம், ஒரே ஒரு எழுத்து மாறிய போலித் தளமாகவும் இருக்கலாம். அதனால் நிறுவனத்தின் முகவரியை பல்கலைக்கழகத்தின் பக்கத்திலிருந்து எடுத்து, பிரவுசரின் மேல் பட்டையில் நீங்களே டைப் செய்யுங்கள். சரியான பக்கம் வந்ததும் கன்ட்ரோல் + டி அழுத்தி புக்மார்க் செய்துவிடுங்கள். அடுத்த தடவை அந்த வழியாகவே போகலாம். பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதைச் செய்யவே செய்யாதீர்கள். கரண்ட் நிற்காத நேரமாகப் பார்த்துக்கொள்வதும் நல்லது. எங்கள் முதல் படிவம் பாதியில் போனது யு.பி.எஸ். இல்லாததால்தான்.

பாஸ்போர்ட்டை மொபைலில் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கி எழுத்து மங்கிவிடும். 'டாகுமென்ட்' என்று தேர்வு செய்து அனுப்புங்கள். அல்லது கேபிள் போட்டு நேராக கம்ப்யூட்டருக்கு மாற்றுங்கள்.

அடுத்தது பெயர். இது நம்ம ஊர்க்காரர்களுக்கே உரிய தலைவலி. நாம் இனிஷியலோடு வாழ்கிறவர்கள். படிவமோ 'சர்நேம்' கேட்கிறது. மார்க் ஷீட்டில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி இருந்தாலும் இங்கே பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ அப்படியே, அதே வரிசையில் நிரப்புங்கள். வேறு எதையும் பார்க்காதீர்கள்.

படிவத்தின் நடுவில் "நீங்கள் அமெரிக்கக் குடிமகனா, அமெரிக்காவில் வரி கட்டுபவரா?" என்று ஒரு கேள்வி வரும். தங்கை திகைத்துப் போய், "அண்ணே, நான் போறது ஜெர்மனிக்குத்தானே?" என்றாள். அமெரிக்கா 2010-இல் ஃபாட்கா என்ற சட்டம் கொண்டு வந்தது. அமெரிக்கர்களின் கணக்குகளை வெளிநாட்டு வங்கிகள் அமெரிக்க வரித்துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். இந்த வேலைக்குப் பயந்தே பல ஐரோப்பிய வங்கிகள் அமெரிக்கர்களுக்குக் கணக்கு தர மறுத்தன. அமெரிக்க பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு எல்லாக் கதவும் திறக்கும் என்று நினைக்கிறோம். இந்த ஒரு விஷயத்தில் நிலக்கோட்டைப் பெண்ணுக்குத்தான் வேலை சுலபம். 'இல்லை' என்று டிக் செய்துவிட்டு நகரலாம். அதற்குக் கீழே 'டின்' எண் கேட்டால் பயப்பட வேண்டாம். நமக்கு அது பான் எண்தான்.

22 இடங்கள்

கணக்கு திறந்ததும் ஐபேன் என்ற எண் வரும். நம் நாட்டில் கணக்கு எண்ணும் 11 எழுத்து ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடும் தனித்தனி. ஐரோப்பாவில் இரண்டையும் சேர்த்து ஒரே எண்ணாக வைத்திருக்கிறார்கள். ஜெர்மனியில் அது 22 இடங்கள்: முதல் இரண்டு நாட்டின் எழுத்து, அடுத்த இரண்டு சோதனை இலக்கம், பிறகு வங்கிக்கு 8, கணக்குக்கு 10.

அந்தச் சோதனை இலக்கம்தான் அழகு. எண்ணைத் தவறாக எழுதியிருந்தால் அதைப் பணம் அனுப்பும் முன்பே உங்கள் கம்ப்யூட்டரில் கண்டுபிடிக்கலாம். எல்லோரும் உதாரணமாகக் காட்டும் ஒரு ஐபேனை எடுத்துக்கொள்வோம்: டிஇ89 3704 0044 0532 0130 00. முதல் நான்கு இடங்களைத் தூக்கி கடைசியில் போடுங்கள். எழுத்துகளுக்குப் பதில் எண்: ஆங்கில வரிசையில் ஏ என்றால் 10, பி என்றால் 11, இப்படிப் போனால் டி 13, இ 14. இப்போது கிடைப்பது 370400440532013000131489.

ஸ்டார்ட் பட்டனை அழுத்தி கால்குலேட்டரைத் திறங்கள். இடது மேல் மூலையில் மூன்று கோடு உள்ள மெனுவில் 'சயின்டிஃபிக்' என்பதைத் தேர்வு செய்யுங்கள். அந்த நீளமான எண்ணைக் கொடுத்து, 'மாட்' பட்டனை அழுத்தி, 97 என்று டைப் செய்து, சமக்குறியை அழுத்துங்கள். 97-ஆல் வகுத்தபின் மிஞ்சுவது எவ்வளவு என்று காட்டும். விடை 1 வந்தால் எண் சரியாக எழுதப்பட்டிருக்கிறது. கணக்கு எண்ணில் 0130 என்பதை 0310 என்று மாற்றிப் பாருங்கள். 31 என்று வரும். ஓர் இலக்கம் தப்பானாலும், பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினாலும் பிடித்துவிடும். சித்தப்பா இதை நான்கு தடவை செய்து பார்த்தார். நான்காவது தடவை அவரே தனியாக.

ஒன்றை மறக்க வேண்டாம். 1 வந்தால் எண்ணில் எழுத்துப்பிழை இல்லை என்றுதான் அர்த்தம். அது உங்கள் மகளின் கணக்கு என்று அர்த்தமில்லை. திருடனுடைய ஐபேனுக்கும் 1 தான் வரும். "எங்கள் கணக்கு எண் மாறிவிட்டது, புதிய எண்ணுக்கு அனுப்பவும்" என்று இ-மெயில் வந்தால் அதில் உள்ள எண்ணுக்கு ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். புக்மார்க் வழியாக உள்ளே போய், அங்கே தெரியும் எண்ணோடு ஒப்பிடுங்கள். யூரோ நாடுகளுக்குள் அனுப்பும் பணத்துக்கு, 2025 அக்டோபர் 9 முதல் பெயரும் ஐபேனும் பொருந்துகிறதா என்று வங்கியே பார்த்துச் சொல்ல வேண்டும். நிலக்கோட்டையிலிருந்து போகும் பணத்துக்கு அந்தப் பாதுகாப்பு கிடையாது.

பணம் அனுப்பும்போது

ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டத்தில் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்பலாம். 2004-இல் தொடங்கியபோது 25,000 டாலர்தான். ஏ2 படிவமும் பான் எண்ணும் தேவை. படிவத்தில் என்ன காரணத்துக்காக அனுப்புகிறோம் என்பதை யோசித்துக் குறிப்பிடுங்கள். 2025 ஏப்ரல் 1 முதல் 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகைக்கு வங்கி டி.சி.எஸ். வரி பிடிக்கிறது. கல்விக்கு விகிதம் குறைவு, பொதுவான காரணங்களுக்கு 20 சதவீதம். வங்கியில் கல்விக் கடன் வாங்கி அனுப்பினால் பிடித்தமே இல்லை. பிடித்த வரியைக் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம் என்றாலும், கையில் இருக்கிற காசு அதுவரை போனது போனதுதான்.

எங்களுக்கு இடறியது வேறு இடத்தில். யூரோ நேராக ஜெர்மனிக்குப் போவதில்லை. நடுவில் ஒன்றிரண்டு வங்கிகளைக் கடந்து போகும். அவை தங்கள் கூலியை அந்தப் பணத்திலிருந்தே எடுத்துக்கொள்ளும். கட்டணம் யாருடையது என்று ஏ2-வோடு தரும் படிவத்தில் மூன்று தேர்வுகள் உண்டு: முழுக்க அனுப்புபவர், இருவரும் பகிர்வது, முழுக்கப் பெறுபவர். கவுன்டரில் இருந்தவர் வழக்கம்போல் நடுவில் உள்ளதை டிக் செய்து நீட்ட, சித்தப்பா கையெழுத்துப் போட்டுவிட்டார். 11,904 யூரோவில் 18 யூரோ குறைந்து போய்ச் சேர்ந்தது. தொகை முழுதாக இல்லாததால் பணம் முடக்கப்பட்டதற்கான சான்று வரவில்லை. விசா நேர்காணலுக்கு ஒன்பது நாள்தான் பாக்கி. அந்தப் 18 யூரோவுக்காக மறுபடியும் ஏ2, மறுபடியும் கட்டணம், மறுபடியும் நான்கு நாள் காத்திருப்பு. சித்தி அந்த நான்கு நாளும் சரியாகச் சாப்பிடவில்லை. 'முழுக்க அனுப்புபவர்' என்பதற்கு எதிரே நீங்களே டிக் செய்யுங்கள்; அத்துடன் ஐம்பது யூரோவாவது கூடுதலாக அனுப்புங்கள். 'குறிப்பு' என்ற இடத்தில் நிறுவனம் கொடுத்த எண்ணை அப்படியே எழுதுங்கள். பணம் அனுப்புவது அப்பா, கணக்கு மகளுடையது என்பதால் அந்த எண்ணை வைத்துத்தான் யாருக்கான பணம் என்று கண்டுபிடிப்பார்கள்.

விசா மறுக்கப்பட்டால் பணம் என்ன ஆகும் என்று சித்தப்பா மூன்று தடவை கேட்டார். மறுப்புக் கடிதத்தைக் காட்டி முடக்கத்தை நீக்கித் திரும்பப் பெறலாம். யூரோ விலை ஏறி இறங்குவது நம் அதிர்ஷ்டம். ஜெர்மன் வங்கியே மூழ்கினாலும் ஒருவரின் 1,00,000 யூரோ வரை சட்டப்படி காப்பு உண்டு. நம் நாட்டில் அது 2020 பிப்ரவரி முதல் 5 லட்சம் ரூபாய்.

அங்கே போனதும் மாதா மாதம் வரும் 992 யூரோவை வாங்க ஒரு நடப்புக் கணக்கு வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி தங்கியிருக்கும் எவருக்கும் அடிப்படைக் கணக்கு பெறும் உரிமை உண்டு. 2014-இல் வந்த விதி. மாணவர்களுக்கும் இது பொருந்தும். வங்கி இழுத்தடித்தால் 'பாஸிஸ்கோன்டோ' வேண்டும் என்று பெயர் சொல்லிக் கேட்கலாம்.

ஊரில் இருக்கும் அவளது சேமிப்புக் கணக்கையும் மறந்துவிட வேண்டாம். படிக்கப் போகும் மாணவரை அந்நியச் செலாவணி விதிகள் வெளிநாடு வாழ் இந்தியராகவே கருதுகின்றன. அதனால் அந்தக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். விமானம் ஏறும் முன்பே பேங்கில் அதற்கான படிவத்தை வாங்கி, பாஸ்போர்ட் மற்றும் விசா நகலோடு கையெழுத்துப் போட்டு வைத்துவிட்டால் அங்கிருந்து தபாலில் அனுப்பும் அலைச்சல் மிச்சம்.