ஒரு சைக்கிள் கடையும் ஒரு கடன் கொப்பியும்

வன்னியில் வாழ்ந்தவர்களுக்குச் சைக்கிளின் பெருமையை நாம் எடுத்துச் சொல்லத் தேவையில்லை. 1990 யூனில் யுத்தம் மீண்டும் மூண்டதன் பின்னர் எரிபொருள், மின்கலம், உரம் முதலியன வடக்கிற்கு வருவது இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டது. மோட்டார் சைக்கிள்கள் சில துளி பெற்றோலில் உயிர் பெற்று மண்ணெண்ணெயில் புகை கக்கி ஓடின. செய்தி கேட்பதற்குச் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலியை இயக்கினோம். நெல் மூட்டையும் விறகும் சைக்கிளிற்தான் வந்தன. நோயாளியும் அதன் கரியரில் இருந்துதான் ஆசுபத்திரிக்குப் போனார். அந்தச் சைக்கிளை ஓட வைத்தவர்களை நாம் எத்தனை தரம் நினைத்திருக்கிறோம்?

அப்படி ஒருவரின் கதையை இவ்விதழில் சொல்ல விரும்புகிறோம். பெயர் வேண்டாம் என்று அவரே கேட்டுக் கொண்டார். ஊரவர் அவரைச் "சைக்கிள் கடை அண்ணை" என்றே அழைத்தார்கள். நாமும் அப்படியே அழைப்போம்.

சந்தியில் ஒரு கொட்டில்

கிளிநொச்சியில் ஒரு சந்தியோரம், கிடுகு வேய்ந்த கொட்டில். ஒரு மரப்பெட்டி நிறையச் சாவிகள், குறடு, அரம், காற்றடிக்கும் பம், தண்ணீர் நிறைந்த ஒரு பழைய தாச்சி. இவ்வளவுதான் அண்ணையின் முதல்.

அவரிடம் வந்தவர்களிற் பெரும்பாலானோர் இரணைமடுக் குளத்து நீரை நம்பி வயல் செய்தவர்கள். கமக்காரன் கையில் மாதாமாதம் காசு புழங்குவதில்லை. ஆகவே அண்ணை ஒரு கொப்பி வைத்திருந்தார். ஒட்டுப் போட்டது, கம்பி மாற்றியது, செயின் பூட்டியது எல்லாம் அதில் ஏறும். அறுவடை முடிந்ததும் காசாகவோ நெல்லாகவோ கணக்குத் தீரும். வட்டி கிடையாது.

பெட்டியா, பானை சட்டியா?

1996 யூலை இறுதியில் கிளிநொச்சியை நோக்கி இராணுவ நடவடிக்கை தொடங்கியது. சிறுபோக நெல் வயலில் நின்றது. வெட்டுவதற்கு அவகாசம் இருக்கவில்லை. எறிகணைகளுக்கு நடுவே சனம் அக்கராயன், ஸ்கந்தபுரம் பக்கமாக நகர்ந்தது.

அண்ணையிடம் இருந்தது ஒரே ஒரு சைக்கிள். மனைவியும் மூன்று பிள்ளைகளும் நடக்க, அவர் கரியரில் மரப்பெட்டியைக் கட்டினார். "பானை சட்டியை விட்டிட்டு இரும்பைக் கட்டுறியளே!" என்று மனைவி அழுதார். "பானையை ஆரிட்டையும் இரவல் வாங்கலாம். இந்தப் பெட்டி இருந்தால்தான் அதுக்குள்ளை போட அரிசி வரும்" என்றார் அண்ணை.

போகும் வழியிலேயே பெட்டி திறந்தது. சுமை தாங்காமல் ரயர் வெடித்தவர்கள், கம்பி முறிந்தவர்கள் பாதையோரம் நின்றார்கள். அன்றைய கூலியை அவர் கொப்பியில் எழுதவில்லை.

விலகிப் போனவர்கள்

ஸ்கந்தபுரம் பக்கத்தில், ஒரு பாலை மரத்தின் கீழ், தறப்பாள் கட்டி மீண்டும் தொழில் தொடங்கினார். ஆனால் ஒரு விடயம் அவர் மனதை உறுத்தியது. பழைய வாடிக்கையாளர் பலர் கடைப் பக்கம் வரவில்லை. காற்றுப் போன சைக்கிளை உருட்டிக்கொண்டு, காட்டுப் பாதையால் சுற்றிப் போனார்கள். ஒருநாள் ஒருவரை மறித்துக் கேட்டார்.

"ஏன் தம்பி, என்னிலை ஏதும் கோபமோ?"

அவர் தலை குனிந்தார். "கோபமில்லை அண்ணை. போன போகத்துக் கடன் கிடக்கு. வெட்ட நெல்லும் இல்லை. எந்த முகத்தோடை வாறது?"

அன்றிரவு அண்ணை கொப்பியை எடுத்துக் கணக்குப் பார்த்தார். அவரைப் பொறுத்தவரை அது பெரிய தொகை. மனைவி விடயத்தை விளங்கிக் கொண்டார்.

"இஞ்சாருங்கோ, மூத்தவளுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி வாங்கக் காசில்லை. ஊருக்குக் கடனை விட்டுக் குடுத்திட்டு நாங்கள் என்ன செய்யிறது?"

அந்தக் கேள்வி நியாயமானது என்று அண்ணை எம்மிடம் ஒப்புக்கொண்டார். இரண்டு நாள் யோசித்தார். "கடனை நான் வைச்சிருந்தால் காசும் வராது, ஆளும் வராது" என்பதே அவர் கண்ட முடிவு. எழுதிய தாள்களைக் கிழித்து அடுப்பில் இட்டார். எழுதாத தாள்களைத் தைத்து மகளுக்குக் கொப்பியாகக் கொடுத்தார். அடுத்த நாள் வழியில் கண்டவர்களிடமெல்லாம், "கொப்பி எரிஞ்சு போச்சு. சைக்கிளைக் கொண்டு வாங்கோ" என்றார்.

ஆட்கள் வந்தார்கள். கையிலிருந்த சில்லறையையோ, ஒரு பிடி பயற்றையோ கொடுத்தார்கள். வீட்டில் அடுப்பு எரிந்தது. வயிறு நிறைந்தது என்று சொல்ல முடியாது.

கைத்தொழில் பரவியது

கணவரை இழந்த பெண்கள் சிலர் சைக்கிளிற் சாமான் கட்டி விற்றுப் பிழைத்தார்கள். அவர்களுக்கு அண்ணை ஒட்டுப் போடப் பழக்கினார். ரியூப்பைத் தண்ணீரில் அமிழ்த்தி, குமிழி வரும் இடத்தைப் பிடிக்க வேண்டும். துடைத்துக் காயவிட்டு, அரத்தால் உராய்ந்து, பசை பூச வேண்டும். பசை சற்றுக் காய்ந்த பின்பே ஒட்டை வைத்து அழுத்த வேண்டும். "அவசரப்பட்டால் ஒட்டுக் கழரும்" என்பது அவரது முதற் பாடம். ரயர் கிழிந்தால் உள்ளே பழைய ரயர்த் துண்டொன்றை வைத்து இன்னும் சில மாதம் ஓட்டலாம் என்பது இரண்டாவது.

"எல்லாருக்கும் பழக்கினால் உங்கடை பிழைப்பு என்னாகும்?" என்று கேட்டோம். சிரித்தார். "சின்ன வேலையை அவை செய்யட்டும். பெரிய வேலைக்கு என்னட்டைத்தானே வருவினம்!"

திரும்பி வந்த மூட்டை

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானதன் பின்னர் அண்ணை பழைய சந்திக்குத் திரும்பினார். 2003இல் காலபோக அறுவடை முடிந்த கையோடு, ஒருவர் மூட்டை நெல்லை இறக்கி வைத்தார். அன்று காட்டுப் பாதையில் மறித்துக் கேட்கப்பட்ட அதே மனிதர். "உங்கடை கொப்பிதான் எரிஞ்சது அண்ணை, என்ரை கணக்கு எரியேல்லை" என்றாராம். வேறு சிலரும் கொடுத்தார்கள். பலர் கொடுக்கவில்லை, சிலர் உயிரோடு இருக்கவில்லை.

2009இல் மரப்பெட்டியும் போயிற்று. புதைத்த இடம் பின்னர் தெரியவில்லை. முகாமில் இரவல் பம் ஒன்றுடன் அண்ணை மூன்றாவது தடவையாகத் தொழில் தொடங்கினார்.

இடம்பெயர்ந்த எமக்கு நிலம் இல்லை, விதைநெல் இல்லை என்பது உண்மை. ஆயினும் கையிலுள்ள தொழிலையும், ஒருவர் மற்றவரில் வைத்த நம்பிக்கையையும் எவரும் பறித்துச் செல்லவில்லை. கடன் காரணமாக எம்மைக் கண்டு விலகி நடக்கும் அயலவர் எவரும் உண்டா? அவரை முதலிற் கூப்பிட வேண்டியவர்கள் நாமல்லவா?