கப்ரீஸின் பானெட்டுக்கு அடியில்

புறத்தோற்றத்தில் சாதாரணக் குடும்பக் காராகவே இருந்துகொண்டு, முடுக்கும்போது மட்டும் பந்தய வண்டிகளுக்கு ஈடுகொடுக்கும் காரை அமெரிக்கர்கள் ‘ஸ்லீப்பர்’, அதாவது உறங்குவது, என்கின்றனர். பிரித்தானியர் வழக்கில் அதற்குக் ‘கியூ கார்’ என்று பெயர். முதல் உலகப் போரில் ஜெர்மானிய நீர்மூழ்கிகளை ஏமாற்றி அருகில் வரவழைப்பதற்காகப் பீரங்கிகளை மறைத்துவைத்து, சரக்குக் கப்பல்களின் கோலத்தில் கடலில் உலவிய ‘கியூ கப்பல்’களின் பெயரே பிற்காலத்தில் காருக்கும் வழங்கலாயிற்று. அமெரிக்காவில் வலிமையை மறைக்கும் இக்கலைக்கு வேறொரு வேரும் உண்டு. மதுவிலக்கு நடப்பிலிருந்த 1920 முதல் 1933 வரையிலான ஆண்டுகளிலும் அதற்குப் பின்னரும் அப்பலாச்சிய மலைப்பகுதிகளில் கள்ளச்சாராயம் கடத்தியோர், என்ஜினுக்கு வலுவேற்றியதோடு நில்லாமல், சுமையால் வண்டியின் பின்புறம் தாழ்ந்து காவலர் கண்ணில் பட்டுவிடக் கூடாது என்பதற்காகப் பின்பக்க ஸ்பிரிங்குகளையும் கடினமாக்கினர். அவர்களது நோக்கம் போற்றத்தக்கதன்று. ஆனால் வண்டியின் நிற்கும் நிலைகூட அதன் இரகசியத்தைச் சொல்லிவிடும் என்று அறிந்திருந்த அவர்களது கூர்மை, இன்று இவ்வேலையில் ஈடுபடும் பலரிடம் இல்லை.

பெருங்கார்களில் இக்கலைக்கு மிகவும் இடங்கொடுத்தவை, ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1990களின் முற்பாதியில் ‘பி-பாடி’ என்ற பொது அமைப்பின்மீது கட்டிய ஷெவ்ரொலே கப்ரீஸும் பியூக் ரோட்மாஸ்டரும் ஆகும். ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நீளமும் 1,800 கிலோவுக்கு மேற்பட்ட எடையும் கொண்ட இவ்வண்டிகளில் என்ஜின் முன்னே இருக்க, பின்சக்கரங்களே வண்டியை உந்தின. 1991இல் உருண்டு திரண்ட புதிய உடலோடு வெளிவந்த கப்ரீஸைக் கரையொதுங்கிய திமிங்கலம் என்று பலர் இகழ்ந்தபோதிலும், காவல்துறையினரும் வாடகைக்கார் நடத்துவோரும் அதன் உறுதியை உணர்ந்து வாங்கினர். 1994ஆம் ஆண்டு மாடல்களில் எல்.டி.1 என்ற 5.7 லிட்டர் வி8 என்ஜின் இவற்றில் பொருத்தப்பட்டது. அதன் ஆற்றல் 260 குதிரைத்திறன். அதே ஆண்டில் எளிய கப்ரீஸில் வந்த எல்.99 என்னும் 4.3 லிட்டர் என்ஜின் 200 குதிரைத்திறனே தந்தது. சிலிண்டரின் விட்டமும் பிஸ்டன் ஏறி இறங்கும் தொலைவும் மட்டுமே குறைக்கப்பட்டு, புறவடிவில் இரண்டும் ஒன்றுபோலவே வார்க்கப்பட்டிருந்தமையால், பானெட்டைத் திறந்து பார்ப்பவருக்குக்கூட எது எளியது, எது வலியது என்று சட்டெனத் தெரியாது. தோற்றம் மாறாமல் ஆற்றல் கூட்டும் வேலையைத் தொழிற்சாலையே தொடங்கிவைத்தது எனலாம். இதே உடலில் 17 அங்குலச் சக்கரங்களோடு வந்த இம்பாலா எஸ்.எஸ். என்ற மாடலே புகழ்பெற்றது என்றாலும், தன் வலிமையைத் தானே பறைசாற்றிக்கொள்ளும் அந்த வண்டியைவிட, ஓய்வுபெற்ற முதியவர் ஓட்டிய வெளிர்நிற ரோட்மாஸ்டரே இக்கலைக்கு உரிய பொருள்.

கூடுதல் ஆற்றல் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை காற்றில் இருக்கிறது. கொல்லன் பட்டறையில் கரியை அள்ளிக் கொட்டுவதால் மட்டும் உலை சிவந்துவிடுவதில்லை, துருத்தி ஊத வேண்டும். அதுபோலவே, என்ஜினுக்குள் எவ்வளவு காற்றுப் புகுகிறதோ அதற்கேற்ற அளவே பெட்ரோலை எரிக்க இயலும். நான்கு வீச்சு என்ஜினில் ஒவ்வொரு சிலிண்டரும் இரண்டு சுற்றுக்கு ஒருமுறை நிரம்புவதால், நிமிடத்துக்கு 5,000 சுற்று சுழலும் 5.7 லிட்டர் என்ஜின், முழுமையாக நிரம்பினால், நிமிடத்துக்கு 14,000 லிட்டருக்கு மேல் காற்றை உள்ளிழுக்கும். வளைந்த குழாய்களும் குறுகிய வாயில்களும் தடுப்பதால் அம்முழுமை வாய்ப்பதில்லை. இதே எல்.டி.1 கார்வெட் காரில் 300 குதிரைத்திறனும் கமாரோவில் 275 குதிரைத்திறனும் தந்தது; கொள்ளளவு ஒன்றாயிருக்க ஆற்றல் மட்டும் வேறுபட்டதற்கு, சிலிண்டர் ஹெட்டின் உலோகம், கேம் தண்டு, புகை வெளியேறும் குழாய்கள் ஆகியவற்றின் வேறுபாடுகளே காரணமாயின. ஆகவே கப்ரீஸின் என்ஜினில் செய்யப்படும் முதல் வேலைகள், புதிதாக எதையும் சேர்ப்பதைவிட, அமைதிக்காகவும் சிக்கனத்துக்காகவும் தொழிற்சாலை நெருக்கிவைத்த வழிகளைத் திறந்துவிடுவதே ஆகும். சிலிண்டர் ஹெட்டைக் கழற்றி, காற்று புகும் வாயில்களின் உட்சுவரைக் கடைந்து சீராக்கி மீண்டும் பூட்டிவிட்டால், வெளியிலிருந்து அதை எவராலும் கண்டறிய இயலாது.

கேம் தண்டு என்பது வால்வுகளை எப்போது திறந்து, எவ்வளவு உயர்த்தி, எப்போது மூட வேண்டும் என்பதைத் தன் முட்டை வடிவ மேடுகளால் தீர்மானிக்கும் இரும்புத் தண்டு. மேடுகள் உயர்ந்தும் அகன்றும் இருந்தால் மிகுவேகத்தில் காற்று தாராளமாகப் புகும். ஆனால் உள்வால்வும் வெளிவால்வும் ஒருசேரத் திறந்திருக்கும் நேரமும் அதனால் நீளும். வண்டி நின்றிருக்கையில், எரிந்த புகையின் ஒரு பகுதி புதிய காற்றோடு கலந்துவிடுவதால் என்ஜின் தடுமாறித் தடுமாறி உறுமத் தொடங்கும். கண்ணுக்கு முழுவதும் மறைந்துள்ள இந்த ஒரே மாற்றம் காதுக்கு மறையாது. எண்களில் பெரியதாகத் தெரியும் கேம் தண்டை வாங்கிப் பொருத்திவிட்டு, சிக்னலில் நிற்கும்போது வண்டி குலுங்குவதைப் பெருமையாகக் கருதுவோர் இக்கலையின் அடிப்படையையே தவறவிட்டவர்கள் ஆவர். மிதமான கேம் தண்டோடு, பின் அச்சின் பற்சக்கர விகிதத்தை 3.08இலிருந்து 3.73க்கு மாற்றுவது இதைவிட அறிவுடைய வழி. அதே என்ஜின், அதே கியரில், சக்கரத்துக்கு ஏறத்தாழ 21 விழுக்காடு கூடுதல் முறுக்குவிசையை அனுப்பும். நெடுஞ்சாலையில் என்ஜின் சற்று வேகமாகச் சுழன்று எரிபொருள் கூடுதலாகச் செலவாவது அதற்குரிய விலை. வேகமானி தவறான எண்ணைக் காட்டாதிருக்க, இவ்வண்டிகளின் கணினியில் உள்ள அளவுகளையும் திருத்த வேண்டும்.

எல்.டி.1 என்ஜினின் தனிச்சிறப்பு அதன் தண்ணீர் ஓடும் திசையில் இருக்கிறது. பழைய வழக்கப்படி, ரேடியேட்டரில் குளிர்ந்த நீர் முதலில் சிலிண்டர்கள் அமைந்த பிளாக்கினுள் புகுந்து, சூடேறிய பின்னரே மேலுள்ள ஹெட்டுக்குச் செல்லும். எல்.டி.1இல் இவ்வழி தலைகீழாக்கப்பட்டது. கதிரடிக்கும் களத்தில் வெயிலில் நிற்பவருக்கு முதற்குவளை மோரைக் கொடுத்துவிட்டு நிழலில் இருப்பவருக்குப் பிறகு கொடுப்பதுபோல, எரியறையும் புகைவால்வும் அமைந்து மிகுதியாகக் கொதிக்கும் ஹெட்டுக்கே குளிர்ந்த நீர் முதலில் சென்றது. எரியறை குளிர்ந்திருந்தால், தீப்பொறி பற்றவைக்கும் அலை வந்து சேருமுன் எரிகலவை தானாகவே வெடிக்கும் ‘நாக்கிங்’ என்னும் கேடு குறையும். அது குறைந்தால், கலவையைப் பத்து மடங்கும் அதற்கு மேலும் நெருக்கி, கூடுதல் ஆற்றலைப் பெறலாம். பிளாக் சற்றுச் சூடாகவே இருப்பதால் சிலிண்டர் சுவரில் பிஸ்டன் வளையங்களின் உராய்வும் தணிகிறது.

இந்த அமைப்பின் தண்ணீர் பம்ப், வழக்கமான பெல்ட்டால் அன்றி, கேம் தண்டின் பற்சக்கரத்தால் சுழற்றப்பட்டது. அதற்கு நேர்கீழே, என்ஜினின் முன்முகத்தில், தட்டுப்போன்ற வட்ட வடிவில் ‘ஆப்டிஸ்பார்க்’ என்ற டிஸ்ட்ரிபியூட்டர், அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் உரிய நேரத்தில் மின்பொறியைப் பகிர்ந்தளிக்கும் கருவி, பொருத்தப்பட்டது. அதனுள் சுழலும் மெல்லிய தகட்டின் வெளிவட்டத்தில் 360 பிளவுகளும் உள்வட்டத்தில் 8 பிளவுகளும் உண்டு. பிளவுகளின் வழியே ஒளி பாய்ந்து மறையும்போதெல்லாம் ஒரு துடிப்பு பிறப்பதால், கேம் தண்டு ஒரு பாகை திரும்பினாலும் கணினி அதை அறிந்துகொள்ளும். இத்துணை நுட்பமான ஒளிக்கருவியை உயர்மின்னழுத்தப் பொறிகளோடு ஒரே பெட்டிக்குள் அடைத்து, தண்ணீர் பம்புக்கு அடியில் வைத்ததுதான் வியப்புக்குரிய முடிவு. பம்பின் உள்ளே கசிவைத் தடுக்கும் ‘சீல்’ வளையம் தேய்ந்தால், கசிவை வெளிக்காட்டுவதற்கென்றே விடப்பட்ட சிறு துளை வழியாக நீர் சொட்டும். சொட்டும் நீர் ஆப்டிஸ்பார்க்கின் தலைமீது விழும். மின்பொறிகளால் உள்ளே உண்டாகும் ஓசோனும் ஈரமும் சேர்ந்து உலோகத்தை அரிக்கும். பிற்கால மாடல்களில், உட்காற்றை உறிஞ்சி வெளியேற்றும் குழாய்கள் இதில் சேர்க்கப்பட்டதால் இக்கேடு ஓரளவு குறைந்தது.

ஆயிரக்கணக்கான டாலர்களை ஹெட்டுக்கும் கேம் தண்டுக்கும் செலவிட்டுவிட்டு, பழைய பம்பையே மீண்டும் பூட்டுவோர் பலர். என்ஜினைப் பிரித்திருக்கும் அதே வேளையில் பம்பையும் ஆப்டிஸ்பார்க்கின் ‘சீல்’ வளையத்தையும் புதுப்பிக்காமல் விடுவது வெறும் மறதியன்று, பொறுப்பின்மை. தலைகீழ் நீரோட்டம் உள்ள என்ஜினில் நீரை மாற்றும்போது, தெர்மோஸ்டாட் கூட்டில் அதற்கென அமைந்த திருகைத் தளர்த்திக் காற்றை வெளியேற்ற வேண்டும் என்பதைப் பழைய என்ஜின்களில் பழகிய மெக்கானிக்குகள் அறியாதிருப்பதும் உண்டு. ஹெட்டில் காற்றுக்குமிழி தங்கிவிட்டால், முதலில் குளிர வேண்டிய இடமே முதலில் வேகும்.

ஆற்றலைப் பற்றி எழுதப்பட்ட அளவுக்கு நிறுத்தத்தைப் பற்றி எழுதப்படவில்லை என்பது இத்துறையின் பெருங்குறை. ஓடும் வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு ஏற்ப வளர்வதால், மணிக்கு 140 கிலோமீட்டரில் செல்லும் கப்ரீஸை நிறுத்த, 100 கிலோமீட்டரில் நிறுத்துவதைப்போல் ஏறக்குறைய இருமடங்கு வெப்பத்தை பிரேக்குகள் தாங்க வேண்டும். இம்பாலா எஸ்.எஸ். நான்கு சக்கரங்களிலும் டிஸ்க் பிரேக்குகளோடு வந்தது. பொதுமக்களுக்கு விற்கப்பட்ட சாதாரணக் கப்ரீஸின் பின்சக்கரங்களில் டிரம் பிரேக்குகளே இருந்தன. டயரின் பக்கவாட்டில் அச்சிடப்பட்ட வேக எழுத்தும் இதேபோல் கவனிக்கத்தக்கது: ‘எஸ்’ என்பது 180 கிலோமீட்டர் வரையும், ‘வி’ என்பது 240 கிலோமீட்டர் வரையும் தாங்கும் டயரைக் குறிக்கும். இரும்புச் சக்கரத்தையும் அதன் பழைய மூடியையும் அப்படியே வைத்துக்கொண்டு டயரை மட்டும் உயர்தரமாக்கினால் தோற்றம் சிறிதும் கெடாது. பிரேக்கையும் டயரையும் முதலில் மாற்றிவிட்டு என்ஜினைப் பிறகு தொடுவதே சரியான வரிசை. சத்தத்துக்காகவும் சில குதிரைத்திறனுக்காகவும் புகையைத் தூய்மையாக்கும் வினையூக்கிக் கலத்தைக் கழற்றி எறிவதை அமெரிக்கத் தூய காற்றுச் சட்டம் தடைசெய்கிறது. கலிபோர்னியாவில், அம்மாநிலக் காற்றுவள வாரியத்தின் ஒப்புதல் எண் பெற்ற மாற்றுறுப்புகளைப் பொருத்தியே இவ்வேலையை முறையாகச் செய்து முடிக்க இயலும். அண்டை வீட்டாரின் மூச்சைக் கெடுத்துப் பெறும் வேகத்தை எவ்வகையிலும் நியாயப்படுத்த இயலாது.

இவ்வண்டியில் கைவைப்போர், கழற்றிய ஒவ்வோர் அசல் உறுப்பையும், பழைய கேம் தண்டும் பின் அச்சின் பற்சக்கரங்களும் உட்பட, எண்ணெய் பூசிப் பெயரெழுதிப் பெட்டியில் பாதுகாக்க வேண்டும். ஏனெனில், இவ்வண்டிகளைக் கட்டிய டெக்சாஸ் மாநிலத்து ஆர்லிங்டன் ஆலை, 1996 டிசம்பரில் பி-பாடி உற்பத்தியை நிறுத்திவிட்டு டிரக்குகள் செய்யும் ஆலையாக மாறிவிட்டது.