சக்கரத்தின் முனகலுக்குச் செவிசாயுங்கள்

தெற்குக் கொல்கத்தாவில், ரவீந்திர சரோபர் ஏரிக்கு அருகே அமைந்த குடியிருப்புப் பகுதி லேக் கார்டன்ஸ். சற்றுத் தொலைவிலுள்ள லேக் மார்க்கெட் வட்டாரத்தில் தமிழ்க் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வருகின்றன. பருவமழைக் காலத்தில் இந்நகரின் தெருக்களில் நீர் தேங்குவது வழக்கம். நீர் வடிந்ததும் எஞ்சினையும் இருக்கைகளையும் சோதிக்கும் கார் உரிமையாளர்கள், சக்கரத்தின் மையத்தை மறந்துவிடுகின்றனர். சில வாரங்களுக்குப் பின் அங்கிருந்து முனகல் எழும்போதுதான் பேரிங்கின் நினைவு வருகிறது.

உள்வளையம், வெளிவளையம், இடையே எஃகுக் குண்டுகள் அல்லது உருளைகள், கிரீஸ், அதைக் காக்கும் சீல் ஆகியவை சேர்ந்ததே பேரிங். தேய்ந்த சீல் வழியே நீரும் மணலும் புகுந்தால் கிரீஸ் கெடும், துரு ஏறும், குண்டுகள் ஓடும் தடத்தில் குழிகள் விழும். முற்றிய நிலையில் சக்கரமே ஆட்டம் காணும். குடும்பத்தினரை ஏற்றிச் செல்லும் வாகனத்தில் இதைத் தள்ளிப்போடுதல் ஆகாது.

கண்டறிவது எவ்வாறு?

வண்டியின் வேகத்தோடு உறுமல் கூடுவது முதல் அறிகுறி. காரை இடப்புறம் திருப்பும்போது சுமை வலப்பக்கச் சக்கரங்களுக்கு மாறுகிறது. அப்போது ஒலி மிகுந்தால் வலப்பக்கப் பேரிங்கை ஐயுறலாம். சீரற்றுத் தேய்ந்த டயரும் இவ்வாறே ஒலிப்பதால் அவசரம் வேண்டாம். மெக்கானிக் காரை உயர்த்தி, உறுதியான ஸ்டாண்டில் நிறுத்தி, சக்கரத்தைக் கையால் சுழற்றிப் பார்க்கட்டும். சொரசொரப்போ, மேலும் கீழும் அசைக்கையில் ஆட்டமோ தென்பட்டால் ஐயம் வலுப்பெறும்.

தேர்ந்தெடுத்தல்

உத்தர்பாராவில் 2014 வரை தயாரான அம்பாசடர் போன்ற பழைய வடிவமைப்புக் கார்களில், முன்சக்கர ஹப்பைக் கழற்றித் துடைத்துப் புதிய கிரீஸ் அடைக்கும் வழக்கம் இருந்தது. இன்றைய கார்கள் பலவற்றில் பேரிங் மூடி முத்திரையிடப்பட்டது. பழுதானால் முழுமையாக மாற்றுவதே வழி. சில கார்களில் ஹப்பும் பேரிங்கும் ஒரே பாகமாக வருகின்றன.

அளவு ஒத்திருந்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. உள் இடைவெளி, சீலின் வகை, ஏபிஎஸ் உணரிக்கான காந்த வளையம் ஆகியவையும் பொருந்த வேண்டும். எனவே காரின் சேசிஸ் எண்ணைக் காட்டி உரிய பாக எண்ணைக் கேட்டுப் பெறுக. கொல்கத்தாவின் மல்லிக் பஜார் பழைய உதிரிப்பாகங்களுக்குப் பெயர்பெற்றது. கதவும் கண்ணாடியும் பழையவையாக இருக்கலாம், பேரிங் அவ்வாறன்று. அதன் ஆயுளில் எவ்வளவு கழிந்தது என்பதை வெளியிலிருந்து அறிய இயலாது. போலிகளைத் தவிர்க்க, அங்கீகரிக்கப்பட்ட விற்பனையாளரிடம் ரசீதுடன் வாங்குவதே நன்று.

பொருத்துதல்

மிகச் சிறந்த பேரிங்கையும் தவறான பொருத்துதல் பாழாக்கிவிடும். நக்கிளுக்குள் அழுத்தும்போது விசை வெளிவளையத்தின் மீது மட்டுமே விழ வேண்டும். ஹப்பைச் செலுத்தும்போது உள்வளையத்தைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். மாறாகச் செய்தால் விசை குண்டுகளின் வழியே பாய்ந்து, கண்ணுக்குப் புலப்படாத வடுக்களைத் தடத்தில் பதிக்கும். புதிய பேரிங் விரைவிலேயே முனகத் தொடங்குவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். காந்த வளையம் உள்ள பக்கத்தை மாற்றிப் பொருத்தினால் ஏபிஎஸ் எச்சரிக்கை விளக்கு எரியும். ஆக்சில் நட்டைத் தயாரிப்பாளர் குறித்த அளவுக்கே முறுக்க வேண்டும். புதிய நட்டு பரிந்துரைக்கப்பட்டிருப்பின் பழையதை மீண்டும் பயன்படுத்தலாகாது.

ஆகவே வண்டியை ஒப்படைக்கும் முன் பட்டறையில் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: “பேரிங் அழுத்தும் பிரஸ் உள்ளதா? டார்க் ரெஞ்ச் உள்ளதா?” சுத்தியலே விடையாக வந்தால் வேறு பட்டறையை நாடுங்கள்.

பொதுவாக வாகனக் காப்பீடு இயல்பான தேய்மானத்தை ஈடுசெய்வதில்லை. இச்செலவு நம் கையிலிருந்தே செல்லும். மலிவான பாகத்தில் மிச்சமாகும் தொகை, இரண்டாம் முறை கொடுக்கும் கூலியிலேயே கரைந்துவிடும். ரசீதையும் மாற்றிய தேதியையும் கிலோமீட்டர் அளவையும் குறித்து வையுங்கள். அடுத்த மழை வடிந்த பின், வானொலியை நிறுத்திவிட்டுச் சிறிது தூரம் ஓட்டிப் பாருங்கள். சக்கரத்தின் குரல் உங்களுக்குக் கேட்கும்.