தகவல் கேட்டால் சொசைட்டி பதில் சொல்ல வேண்டுமா?

அரியலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல் அரசு சிமெண்ட் ஆலைக்கும் போகிறது, தனியார் ஆலைகளுக்கும் போகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் நேரடியாக மனுப் போட முடிவது அரசு ஆலையான டான்செமுக்கு மட்டும்தான். பெரம்பலூர் மாவட்டம் எறையூர் சர்க்கரை ஆலையும் பொதுத்துறை என்பதால் அதனிடமும் கேட்கலாம்.

யாரிடம் கேட்கலாம், யாரிடம் முடியாது என்பதை 2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2(எச்) பிரிவுதான் பிரிக்கிறது. அரசியலமைப்பாலோ, நாடாளுமன்ற, சட்டமன்றச் சட்டத்தாலோ, அரசின் அறிவிக்கை, ஆணையாலோ உருவானவை பொது அதிகார அமைப்புகள். அரசுக்குச் சொந்தமானவை, அரசின் கட்டுப்பாட்டில் இருப்பவை, அரசுப் பணத்தில் கணிசமாக நடப்பவை ஆகியவையும் அதில் அடங்கும்.

சிக்கல் சொசைட்டியில்தான். பருத்தியும் மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போடுகிற விவசாயி பயிர்க்கடனுக்கும் நகைக்கடனுக்கும் போய் நிற்பது ஊர்க் கூட்டுறவுக் கடன் சங்கத்தில். அது அரசு அலுவலகம் என்றே ஊரில் நினைக்கிறார்கள். கேரளத்தின் தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013 அக்டோபர் 7 அன்று உச்ச நீதிமன்றம் வேறு மாதிரி சொன்னது. சட்டத்தால் உருவாவது வேறு, சட்டத்தின் கீழ் பதிவாவது வேறு. பதிவாளர் மேற்பார்வை செய்கிறார் என்பதே அரசுக் கட்டுப்பாடு ஆகிவிடாது. மானியமும் சலுகையும் போதாது. அரசுப் பணம் இல்லாவிட்டால் சங்கம் நடக்கவே தடுமாறும் என்கிற அளவுக்கு இருக்க வேண்டும்.

2019-இல் டி.ஏ.வி. கல்லூரி வழக்கில் அதே நீதிமன்றம் சற்று இளகியது. ‘கணிசம்’ என்றால் பாதிக்கு மேல் என்று அர்த்தமில்லை, சலுகையில் கொடுத்த நிலத்தின் மதிப்பும் சேரும் என்றது. ஆனால் சொசைட்டிகளுக்கான 2013 தீர்ப்பு நிற்கிறது. தமிழ்நாட்டில் 2021-இல் கூட்டுறவுப் பயிர்க்கடன் 12,110 கோடி ரூபாயை அரசு தள்ளுபடி செய்தது. இவ்வளவு பொதுப்பணம் தொடுகிற இடம் நேரடிக் கேள்விக்கு வெளியே இருப்பது சரியில்லை என்றே நினைக்கிறேன்.

2013 தீர்ப்பே ஒரு வழியையும் விட்டுவைத்திருக்கிறது. சட்டப்படி பதிவாளர் சங்கத்திடமிருந்து கேட்டு வாங்கக்கூடிய தகவலை அவரிடம் நாம் கேட்கலாம். 2(எஃப்) பிரிவு அதற்கு இடம் தருகிறது. அடுத்தவர் கடன் கணக்கைக் கேட்டால் மறுக்கலாம். தனியார் சிமெண்ட் ஆலைக்கும் இதே வழிதான்: குவாரிக் குத்தகை கனிமவளத் துறையில், புகை அளவு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில்.

ஆகவே சொசைட்டியில் முறைகேடு என்றால் 10 ரூபாய் கட்டணத்தோடு மனுவைக் கூட்டுறவுத் துணைப் பதிவாளர் அலுவலகத்துப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதுங்கள். தணிக்கை அறிக்கையையும், கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின் 81-ஆம் பிரிவில் விசாரணை நடந்திருந்தால் அதன் அறிக்கையையும் பெயர் சொல்லிக் கேளுங்கள். 30 நாளுக்குள் பதில் வர வேண்டும்.