தராசில் ஏறும் ஜாக்கி

பந்தயக் குதிரை ஓட்டும் ஜாக்கிகள் எதற்காகப் பட்டினி கிடக்கிறார்கள் என்று ஒரு வாசகர் எழுதிக் கேட்டிருக்கிறார். குதிரை ஓடுவதும் பணம் கட்டுவதும் அவருக்கே தெரியும் போலிருக்கிறது. ஆகவே நேரே தராசுக்குப் போய்விடலாம்.

அந்தத் தராசோடு மல்லுக்கட்டிய ஜாக்கி டோனி மெக்காய், வட அயர்லாந்தின் ஆன்ட்ரிம் பகுதியில் 1974இல் பிறந்தவர். வேலி தாண்டும் பந்தயங்களில் 4,348 வெற்றிகள்; பிரிட்டனில் 1995-96 தொடங்கித் தொடர்ந்து 20 பருவங்கள் முதலிடம். 2001-02இல் மட்டும் 289 முறை ஜெயித்தார். கிராண்ட் நேஷனல் என்ற பெரிய பந்தயம் மட்டும் போக்குக் காட்டி, 15ஆவது முயற்சியில், 2010இல்தான் வசப்பட்டது.

இவருக்கு வாய்த்த எதிரி சொந்த உயரம்: ஐந்தடி பத்தங்குலம். பல பந்தயங்களில் நல்ல குதிரைக்குக் கூடுதல் சுமை, சுமாரானதற்குக் குறைவு என்று முன்கூட்டியே விதித்துவிடுவார்கள். அந்தச் சுமை சரியா என்று பார்க்க, ஓடுமுன் ஜாக்கி சேணத்தோடு தராசில் ஏற வேண்டும். ஜெயித்து வந்ததும் மறுபடி ஏற வேண்டும். ஆள் ஒல்லியாக இருந்தால் சேணத்துக்கு அடியில் ஈயத் தகடு செருகிச் சரிக்கட்டலாம். கனமாக இருந்தால்? விமான நிலையத்தில் எடை மிஞ்சினால் நான் ஊறுகாய் பாட்டிலை வெளியே எடுத்து வைப்பேன். ஜாக்கி எடுத்து வைக்க அவர் சதைதான் உண்டு. மெக்காய் கொதிக்கக் கொதிக்க வெந்நீர்த் தொட்டியில் கிடந்து வியர்வையாக எடையை இறக்கி, 64 கிலோவை ஒட்டியே வாழ்ந்தார்.

அப்படி வற்றிய உடம்போடுதான் வேலிகளைத் தாண்ட வேண்டும். பந்தயம் நடக்கும்போதே பக்கத்துப் பாதையில் ஆம்புலன்ஸ் கூடவே ஓடிவரும். 2008 ஜனவரியில் விழுந்து முதுகெலும்பு முறிந்த மெக்காய், மார்ச்சில் செல்ட்நாம் பந்தயத் திருவிழாவுக்குக் குதிரையேறி வந்துவிட்டார். இதை வீரம் என்று எல்லாரும் கொண்டாடினார்கள். எனக்கு என்னவோ வயிற்றைக் கலக்குகிறது. பெரும்பாலான ஜாக்கிகளுக்குச் சவாரிக்குச் சவாரிதான் கூலி. குதிரைக்குக் கால் பிசகினால் பதறுகிற நாம், மேலே இருக்கிறவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்பதில்லை.

பிரிட்டிஷ் மைதானங்களில் ஜாக்கிகள் எடை குறைக்க உட்காரும் சவுனா என்னும் வெப்ப அறைகள் இருந்தன. கொரோனா காலத்தில் மூடியவற்றைப் பிறகு திறக்கவில்லை. மெக்காய் அதற்குள், 2015இலேயே, ஓய்வு பெற்றிருந்தார்.